மயிலாடி வயல்களில் உழைத்தது யார், நிலம் கிடைத்தது யாருக்கு?

ஊர்களில் இளைஞர்களோடு வேலை செய்யும்போது நான் வழக்கமாக ஒரு பயிற்சி வைப்பேன். பெரிய சார்ட் தாளைத் தரையில் விரித்து, "உங்க ஊரை வரையுங்க" என்று சொல்வேன். கோயில், சர்ச், குளம், கால்வாய், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, செல்போன் டவர் என எல்லாமே பத்து நிமிடத்தில் தாளில் வந்துவிடும். அப்புறம் பச்சை நிறத்தில் வயலையும் தீட்டுவார்கள். "இந்தப் பச்சை யாருடையது? அதில் நம்ம தெருவுக்கு எத்தனை சென்ட்?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

நாஞ்சில் நாட்டில் ஒருமுறை இப்படிக் கேட்டபோது ஒரு கல்லூரி மாணவி சொன்னாள்: "அக்கா, எங்க பாட்டி இந்த வயல் முழுக்க நாத்து நட்டிருக்காங்க. எங்களுக்கு வீடு நிக்குற மூணு சென்ட்தான் இருக்கு. அதுக்கும் பட்டா கிடையாது."

இந்தக் கட்டுரை அந்த மாணவிக்காக எழுதியது. நாஞ்சில் நாட்டின் வரலாறு என்று நமக்குச் சொல்லித் தரப்படுவது பெரும்பாலும் மன்னர்களின் வரலாறு, கோயில்களின் வரலாறு, அணைகளின் வரலாறு. வயலில் நின்றவர்களின் பக்கத்திலிருந்து அதைப் படித்தால் என்ன தெரிகிறது? இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஊர் மயிலாடி. அகஸ்தீஸ்வரம் தாலுகாவில், நாகர்கோவிலுக்குக் கிழக்கே, மருந்துவாழ்மலைக்கு அருகில் உள்ள சிறிய பேரூர் அது. இன்று கல் சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் தலித் விவசாயி ஒருவர் எடுத்த முடிவால் திருவிதாங்கூரின் வரலாறே திரும்பிய ஊரும் அதுதான்.

நிலமும் நீரும்

முதலில் நிலத்தைத் தெரிந்துகொள்வோம். பழைய தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சேர்ந்த பகுதிதான் நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்றால் கலப்பை. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் மேடும் பள்ளமுமான நிலத்தில் தென்னை, ரப்பர், மரச்சீனி. கிழக்கே நாஞ்சில் நாட்டில் சமதளமான நெல்வயல்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடம் இது. அதனால் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. மலையடிவாரத்திலிருந்து வரும் பழையாறு, வயல்களுக்கு நடுவே ஓடி மணக்குடியில் கடலில் கலக்கிறது. வழியெங்கும் தடுப்பணைகள், கால்வாய்கள், ஒன்று நிறைந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும்படி அமைந்த குளங்கள். இந்த அமைப்பால்தான் இங்கே ஆண்டுக்கு இரண்டு போகம் நெல். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்துக் கன்னி மாதத்தை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. அதன்பின் நட்டுக் கும்ப மாதத்தை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. இரண்டு பெயரும் மலையாள மாதப் பெயர்கள். திருவிதாங்கூர் ஆட்சி விட்டுச்சென்ற அடையாளம் விவசாயியின் நாக்கில் இன்றும் இருக்கிறது.

இடங்களுக்கு உள்ள பெயர்களையும் கவனியுங்கள். தொடர்ச்சியான வயல்வெளியை ஏலா என்றும் பற்று என்றும் சொல்வார்கள். மேட்டு நிலத்தை விளை என்பார்கள். பயிருக்கும் வீட்டுக்கும் ஏற்ற நல்ல நிலம் இந்த இரண்டிலும் அடங்கிவிடும். நம் மக்களின் குடியிருப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் வெளியே இருந்தன. குளத்தங்கரை, கால்வாய்ப் புறம்போக்கு, மழை பெய்தால் தண்ணீர் ஏறும் தாழ்வான இடம். ஊர் வரைபடத்தில் சேரி எங்கே விழுகிறது என்று பாருங்கள். சாதி எப்படி நிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு வேறு பாடநூல் வேண்டியதில்லை.

பழம்பெருமையில் நமக்கு என்ன பங்கு?

புறநானூற்றில் நாஞ்சில் மலைக்குத் தலைவனாக வள்ளுவன் ஒருவன் பாடப்படுகிறான். நாஞ்சில் குறவன் இந்த நாட்டை ஆண்டான் என்று ஒரு வாய்மொழிக் கதையும் வழங்குகிறது. நம் தோழர்கள் பலர் இவற்றைப் பெருமையோடு எடுத்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் சங்ககாலப் பெயர் ஒன்றுக்கும் இன்றைய சாதி ஒன்றுக்கும் நேர்கோடு போடுவது வரலாறு ஆகாது. இந்தக் கதைகள் நமக்குச் சொல்வது வேறு ஒன்று: இந்த நிலத்தில் யார் மேல், யார் கீழ் என்பது எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்ற நினைவு மக்களிடம் இருந்திருக்கிறது.

நமக்கு இதைவிட உறுதியான சான்றுகள் உண்டு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்திடம் இருந்த ஓலைச்சுவடிகள் அவற்றில் முக்கியமானவை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றின் மதிப்பை உணர்ந்து படியெடுத்தார். பின்னர் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றை வெளியிட்டு விளக்கினார். நாஞ்சில் நாட்டின் நிலம், வரி, பாசனம் பற்றிய செய்திகளோடு அடிமைகளை விற்றதற்கும் வாங்கியதற்குமான ஆவணங்களும் அதில் உண்டு. வயலை விற்பதற்கு ஓலை எழுதுவதுபோல மனிதரை விற்பதற்கும் ஓலை எழுதியிருக்கிறார்கள். "எங்க ஊர்ல அடிமைமுறை எல்லாம் இருந்ததில்லை, எல்லாரும் குடும்பம் மாதிரி இருந்தோம்" என்று யாராவது சொன்னால் இந்த ஓலைகளை நினைவுபடுத்துங்கள்.

எட்டில் ஒருவர்

திருவிதாங்கூரில் 1836இல் எடுத்த கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864 பேர். ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர். பெரும்பாலோர் புலையர், பறையர், குறவர். தனியாரிடம் மட்டும் அடிமைகள் இருக்கவில்லை, அரசாங்கமே அடிமைகளை வைத்திருந்தது. 1811இல் கர்னல் மன்றோ காலத்தில் கோயில் நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டபின் சர்க்கார்தான் நாட்டின் மிகப்பெரிய நில உடைமையாளர்.

சாமுவேல் மேட்டீர் என்ற மிஷனரி 1871இல் வெளியிட்ட நூலில் இந்த வாழ்க்கையை விவரித்திருக்கிறார். ஒரு பிராமணரிடமிருந்து புலையர் 96 காலடித் தூரம் விலகி நிற்க வேண்டும். பேசும்போது 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியேன்' என்றுதான் சொல்ல வேண்டும். தன் வீட்டை வீடு என்று சொல்ல உரிமையில்லை, சாளை என்றுதான் சொல்ல வேண்டும். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். உழைப்பைப் பறிக்கும் அமைப்பு உழைப்பை மட்டும் பறிப்பதில்லை. தன்னைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்தே பறிக்கிறது.

அடிமை ஒழிப்பு ஒரே நாளில் நடந்ததல்ல. 1812இல் அரசி கௌரி லட்சுமி பாய் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்து அறிக்கை வெளியிட்டார். பாடப்புத்தகத்தில் இது பெரிய சீர்திருத்தம். ஆனால் விவசாயத்துக்காக நிலத்தோடு கட்டப்பட்டிருந்த அடிமைகளுக்கு அது பொருந்தாது என்று அந்த அறிக்கையிலேயே விலக்கு இருந்தது. அடிமைகளில் மிகப் பெரும்பாலோர் வயல் அடிமைகள்தாம். கதவைத் திறந்துவிட்டு வெளியே வரவேண்டியவர்களில் பெரும்பான்மையை உள்ளேயே நிறுத்திய சட்டம் அது.

1843இல் பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வந்தது. 1847இல் மிஷனரிகள் சேர்ந்து மன்னரிடம் மனு கொடுத்தார்கள். 1853இல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்கள் என்று அறிவிப்பு வந்தது. 1855 ஜூன் 24 அன்று உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா வெளியிட்ட அறிக்கையால்தான் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. நாம் கொண்டாட வேண்டிய நாள்களில் ஒன்று அது. எத்தனை பேருக்கு அந்தத் தேதி தெரியும்?

மகாராசன் என்ற விவசாயி

இந்த அடிமை உலகத்துக்கு நடுவில்தான் மயிலாடியின் கதை நடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மயிலாடியில் மகாராசன் என்ற சாம்பவர் வாழ்ந்தார். விவசாயி. கடவுள் பக்தி மிகுந்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், அங்கே மனநிறைவு கிடைக்காமல் தஞ்சாவூருக்குப் போய்ப் புராட்டஸ்டண்ட் மிஷனரி கோலாப்பைச் சந்தித்தார் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார்.

திரும்பியபின் தொல்லைகள் ஆரம்பித்தன. அவரும் அவரோடு சேர்ந்த குடும்பங்களும் ஊரை விட்டுக் கம்பெனி எல்லைக்குள் குடிபெயர்ந்துவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நிலைமை போனது. பிறகு போகாமல் தங்கி, தங்களுக்கு ஒரு போதகரை அனுப்பும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தது இப்படித்தான். பிரஷ்ய நாட்டுக்காரர் அவர். வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி 1809 தொடக்கத்தில் அடங்கியபின், அதே ஆண்டு மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதற்கு இடம் கொடுத்தவர் வேதமாணிக்கம்.

இந்த வரலாற்றைப் பொதுவாக எப்படிச் சொல்கிறார்கள்? 'வெள்ளைக்கார மிஷனரி வந்தார், தாழ்த்தப்பட்டோரைத் தூக்கிவிட்டார்' என்று. அல்லது எதிர்ப்பக்கத்திலிருந்து, 'மிஷனரிகள் வந்தார்கள், ஏழைகளை மதம் மாற்றினார்கள்' என்று. இரண்டு கதையிலும் நம் ஆட்கள் செயப்படுபொருள். மயிலாடியில் நடந்ததைத் தேதி வரிசைப்படி பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. தேடிப்போனவர் மகாராசன். அழைத்து வந்தவர் மகாராசன். இடம் கொடுத்தவர் மகாராசன். 1816இல் உடல்நலம் கெட்டு ரிங்கல்தௌபே கிளம்பிப் போனபோது சபைகளின் பொறுப்பை ஒப்படைத்தது இவரிடம்தான். 1818இல் சார்லஸ் மீட் வந்து சேரும்வரை அந்தப் பொறுப்பைத் தாங்கியவர் இவர். வேதமாணிக்கம் 1827இல் காலமானார். மத நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் தன் மக்களுக்கு என்ன வேண்டும் என்று தானே முடிவெடுத்து, அதைத் தேடி நடந்த ஒரு தலித் விவசாயி என்ற அளவில் அவர் நம் எல்லோருக்கும் உரியவர்.

மிஷனுக்குள்ளும் சாதி

மீட் வந்தபின் மிஷனின் மையம் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போனது. பள்ளி, அச்சகம் எல்லாம் அங்கே வளர்ந்தன. இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளிதான். அதன் செலவுக்காக நெல்வயல் வாங்கிக்கொள்ள அரண்மனை 5,000 ரூபாய் கொடுத்தது. கவனியுங்கள், கல்விக்கும் வருமானம் வயலிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அந்த வயலில் உழைத்தவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வகுப்பறைக்குள் போனார்கள் என்ற கேள்வியை நாம் இன்றும் கேட்கலாம்.

நல்லது நடக்காமல் இல்லை. 1820களில் மார்த்தா மால்ட் தொடங்கிய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொண்ட அடிமைப் பெண்கள் சிலர், அந்த வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். 1855க்கு முன்பே, எந்த அரசனின் அறிக்கைக்கும் காத்திராமல், ஊசியும் நூலும் கொண்டு தங்களை விடுவித்துக்கொண்ட பெண்கள் அவர்கள். நாஞ்சில் நாட்டுப் பெண்ணுரிமை வரலாறு அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் மிஷன் சாதியைத் தாண்டிவிடவில்லை. சார்லஸ் மீட் தன் முதுமையில், 1850களின் தொடக்கத்தில், பறையர் குடும்பத்தில் பிறந்த லோயிஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். சக மிஷனரிகளே அதை ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மிஷனிலிருந்து அவர் விலக நேர்ந்தது. சமத்துவம் பேசிய மேடைக்கும் திருமணப் பந்தலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதற்கு இது ஓர் அளவுகோல். அந்தத் தூரம் இன்று குறைந்துவிட்டதா என்று உங்கள் ஊர்ச் சபையைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

விடுதலை 1855இல், பட்டா 1865இல்

இப்போது இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். 1855இல் அடிமை விடுதலையானார். பத்தே ஆண்டுகளில், 1865 ஜூன் 2 அன்று, பாட்டம் விளம்பரம் என்ற அறிக்கை வந்தது. சர்க்கார் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த குடியானவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் முழு உரிமையை அது கொடுத்தது. விற்கலாம், வாரிசுக்குக் கொடுக்கலாம். திவான் மாதவராவ் காலத்துச் சீர்திருத்தம் இது. 'திருவிதாங்கூர் விவசாயிகளின் உரிமைச் சாசனம்' என்று வரலாற்று நூல்கள் புகழ்கின்றன.

விவசாயி என்றால் யார்? சர்க்கார் கணக்கில் குத்தகைதாரராகப் பெயர் இருந்தவர். உழுதவர், நட்டவர், களை பறித்தவர், அறுத்தவர், சூடடித்தவர் யாருக்கும் அந்தக் கணக்கில் பெயர் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்புவரை அவர்கள் பெயர் இருந்த கணக்கு வேறு: அடிமைக் கணக்கு. ஆகவே நில உரிமை பங்கு வைக்கப்பட்ட அந்த நேரத்தில் நம் மக்கள் சுதந்திரமானவர்கள்தான், ஆனால் கணக்கில் இல்லாதவர்கள். இன்றைய பட்டாக்களின் வேர் அங்கே இருக்கிறது. "உழைச்சு முன்னேறினோம், நிலம் வாங்கினோம்" என்று சொல்லும் குடும்பங்கள் பலவற்றின் முதல் ஏக்கர், உழைப்பால் வந்ததல்ல, பதிவேட்டால் வந்தது.

நிலமில்லாத விடுதலை என்ன செய்யும்? அதே வயலுக்கு, அதே களத்துக்கு, அதே நெல்கூலிக்குத் திருப்பி அனுப்பும். அமெரிக்காவில் 1865இல் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கும் இதேதான் நடந்தது. 40 ஏக்கர் நிலம் என்ற பேச்சு பேச்சாகவே போனது. பழைய தோட்டங்களுக்கே பங்குக்குப் பயிரிடுபவர்களாகத் திரும்பினார்கள். கடல் கடந்து ஒரே பத்தாண்டில் நடந்த ஒரே அநீதி.

நாஞ்சில் நாட்டில் அறுப்புக்குக் கூலியாக அளந்து தரும் நெல்லுக்குக் கொத்து என்று பெயர். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "மக்களே, விடியதுக்கு முன்ன அறுப்புக்குப் போவோம். கொத்து அளந்து தரும்போ பொழுது போயிரும். அந்த நெல்லைக் கொண்டு வந்து குத்திக் கஞ்சி வைக்கும்போ பிள்ளைய உறங்கிரும்." அடிமைமுறை ஒழிந்து நூறு ஆண்டுகள் ஆனபின் நடந்ததைத்தான் அவர் சொன்னார்.

அணையும் தெருவும்

1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது பேச்சிப்பாறை அணை. ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சிக் காலம். பொறியாளர் மிஞ்சின். அவருடைய கல்லறை அணையின் அருகிலேயே இருக்கிறது. கோதையாற்றுத் தண்ணீர் கால்வாய்கள் வழியாக நாஞ்சில் நாட்டுக்கு வந்ததும் இரண்டு போகம் உறுதியானது. 1950களில் பெருஞ்சாணி அணையும் சேர்ந்தது. மாவட்டமே இந்த அணைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பொதுப்பணத்தில் வந்த தண்ணீர் நிலத்தின் மதிப்பைத்தான் உயர்த்தும். நிலம் யாரிடம் இருந்ததோ அவருக்கே அந்த உயர்வு போனது. நிலமில்லாதவருக்கு அணையால் கிடைத்தது கூடுதலாக ஒரு போகத்துக்கான கூலிவேலை.

அதே காலத்தில்தான் வெங்ஙானூரில் அய்யன்காளி எழுந்தார். தலித் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று அவர் நடத்திய வேலைநிறுத்தம், உழைப்பைக் கொடுக்க மறுப்பதுதான் நிலமில்லாதவரின் ஆயுதம் என்பதைக் காட்டியது. 1911இல் ஸ்ரீமூலம் மக்கள் சபைக்கு நியமிக்கப்பட்டபின் அங்கே அவர் முதலில் கேட்டவற்றில் ஒன்று நிலம். கோயில் நுழைவுக்கு முன்பே நிலம் கேட்டவர் அவர்.

நாஞ்சில் நாட்டில் சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு முன்நின்றார். வைக்கம் போராட்டத்தின் தொடர்ச்சி அது. 1936 நவம்பர் 12இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. தெரு திறந்தது, கோயில் திறந்தது. கோயிலுக்குச் சொந்தமான வயலின் குத்தகை மட்டும் அதே கைகளில் நின்றது.

இரண்டு மாநிலங்களுக்கு நடுவே

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. மொழி அடிப்படையில் அது சரியான முடிவு, தியாகங்களால் கிடைத்த முடிவு. ஆனால் நிலமற்ற தலித்துகள் இந்த எல்லை மாற்றத்தில் இரண்டு பக்கமும் வாய்ப்பை இழந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் தலித் இயக்கங்கள் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுகின்றன. அந்த நிலம் 1892இல் சென்னை மாகாண அரசு எடுத்த முடிவால் கிடைத்தது. அப்போது நாம் திருவிதாங்கூரில் இருந்தோம். ஆகவே குமரியில் மீட்பதற்குப் பஞ்சமி நிலம் என்ற பதிவே இல்லை. மறுபக்கம், கேரளத்தில் 1970 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்குக் குடிகிடப்பு உரிமை கிடைத்தது. ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை. அப்போது நாம் தமிழ்நாட்டில் இருந்தோம். இங்கேயும் 1971இல் விவசாயத் தொழிலாளரின் குடியிருப்பு மனைகளுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. ஆனால் அப்படி ஒரு சட்டம் இருப்பதே நான் சந்திக்கும் குடும்பங்களில் பலருக்குத் தெரியாது. நில உச்சவரம்புச் சட்டம் குறிவைத்தது பெரும் பண்ணைகளை. பல குடும்பங்களுக்கும் கோயில்களுக்கும் பிரிந்து கிடந்த நாஞ்சில் நாட்டு வயலை அது பெரிதாகத் தொடவில்லை.

இதோடு இன்னொரு முடிச்சும் உண்டு. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். பிறகு 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ தலித்துகளும் முஸ்லிம் தலித்துகளும் வெளியே நிற்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. குமரியில் சுமார் 4 விழுக்காடுதான். இந்த மாவட்டத்தில் சாதி ஒடுக்குமுறை குறைவு என்று இதற்குப் பொருளா? மாவட்டத்தில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்குள் இருக்கும் தலித்துகள் அந்த 4 விழுக்காட்டுக்குள் வரமாட்டார்கள். வேதமாணிக்கத்தின் வழியில் வந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் பட்டியல் சாதியினர் அல்ல, பிற்படுத்தப்பட்டோர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை, தொகுதி ஒதுக்கீடும் இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே இந்த மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஞானஸ்நானம் சேரியின் இடத்தை மாற்றவில்லை, வயலின் பட்டாவை மாற்றவில்லை. பதிவேட்டில் சாதியை மட்டும் மாற்றியது.

இப்போது என்ன நடக்கிறது?

நாஞ்சில் நாட்டின் வயல் கண்ணெதிரே சுருங்கிக்கொண்டிருக்கிறது. நெல் போய் வாழை, வாழை போய்த் தென்னை, தென்னை போய் வீட்டுமனை. நான்குவழிச் சாலைக்காக வயல்களும் குளங்களும் மண்ணால் நிரப்பப்பட்டன. சூழலியல் தோழர்கள் இதை எதிர்க்கிறார்கள், நாமும் அவர்களோடு நிற்க வேண்டும். ஆனால் நம் கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வயல் மனையாகும்போது பட்டாதாரருக்குப் பணம் வருகிறது. மூன்று தலைமுறை அங்கே நட்ட குடும்பத்துக்கு என்ன வருகிறது? 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம், கையகப்படுத்துவதற்கு முன் மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தில் வேலை செய்து அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயத் தொழிலாளரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றே வரையறுக்கிறது. அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு மனு எழுதத் தெரிந்த ஒரு பட்டதாரி ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலைகள் சொல்கிறேன். ஒன்று, உங்கள் கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள 'அ' பதிவேட்டையும் புலப்பட வரைபடத்தையும் பாருங்கள். உங்கள் தெரு எந்தப் புல எண்ணில் இருக்கிறது, நத்தமா, புறம்போக்கா, யார் பெயரிலாவது உள்ள பட்டாவா என்று குறித்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டு, திருவிதாங்கூர் ஆவணங்கள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரயிலில் இரண்டு மணி நேரம். ஆய்வுப் படிப்பு படிப்பவர்கள் அங்கே போக வேண்டும். நம் வரலாற்றை மற்றவர்கள் எழுதித் தரும்வரை காத்திருந்தது போதும். மூன்று, உங்கள் வீட்டுப் பாட்டியிடம் உட்காருங்கள். எந்த ஏலாவில் நட்டார், கொத்து எவ்வளவு, களத்தில் யார் எங்கே நின்றார்கள், தண்ணீர் கேட்டால் எப்படி ஊற்றினார்கள் என்று கேட்டுச் செல்போனில் பதிவு செய்யுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.

மூன்று சென்ட் பற்றிச் சொன்ன மாணவி இந்த முதல் வேலையைச் செய்துவிட்டாள். அவர்கள் தெரு நீர்நிலைப் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கிறது. அவள் பாட்டியின் நினைவில் அங்கே குளம் எதுவும் இருந்ததில்லை. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. தெருவில் உள்ள எல்லா வீடுகளும் கையெழுத்துப் போடுகின்றன. இந்து வீடும் கிறிஸ்தவ வீடும் ஒரே தாளில்.

ஜெய் பீம்.